இருவர் மேசையில் ஆசானின் இடம்

ஒன்பது பேர் சுற்றி உட்கார்ந்து ஆடும் போக்கர் மேசையில் சும்மா இருப்பதும் ஓர் ஆட்டம்தான். வந்த சீட்டு பிடிக்கவில்லையா, மடக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கலாம். பொறுமைசாலிக்கு அங்கே கூலி உண்டு. இருவர் மட்டும் ஆடும் ‘ஹெட்ஸ்-அப்’ மேசையில் அப்படி ஒதுங்க இடமில்லை. ஒவ்வொரு கையிலும் ஒருவர் சின்ன பிளைண்டையும் மற்றவர் பெரிய பிளைண்டையும் கட்டாயப் பந்தயமாக வைத்தாக வேண்டும். இரண்டு ஏஸ் சேர்ந்து வருவது 221 கைகளுக்கு ஒரு முறை. அதற்காகக் காத்திருப்பவரின் சிப்ஸ் காத்திருக்கும்போதே கரைந்துவிடும்.

உலகெங்கும் அதிகம் ஆடப்படும் டெக்சஸ் ஹோல்டமையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆளுக்கு இரண்டு மறைசீட்டு; நடுவில் இருவருக்கும் பொதுவாக ஐந்து. முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ‘ரிவர்’ எனப்படும் ஐந்தாவது. சீட்டு வழங்குபவரின் இடத்தைக் குறிக்கும் ‘பட்டன்’ இருவர் ஆட்டத்தில் யாரிடம் இருக்கிறதோ அவரே சின்ன பிளைண்டு. பொதுச்சீட்டு விழும் முன் முதலில் பேசுவது அவர். விழுந்த பிறகு எல்லாச் சுற்றிலும் கடைசியாகப் பேசுவதும் அவர். எதிராளி என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது பெரிய பலம். அதனால் தேர்ந்த ஆட்டக்காரர் பட்டனில் இருக்கும்போது பத்தில் எட்டுக் கைகளுக்கு மேல் ஆடுகிறார். ஒன்பது பேர் மேசையில் யோசிக்காமல் தூக்கி எறியும் சீட்டை வைத்துக்கொண்டு இங்கே நான்கு சுற்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். எதிரே இருப்பதும் ஒரே ஆள். இணையத்தில் ஒரு மணி நேரத்துக்குள் நூறைத் தாண்டிய கைகளை அவரோடு ஆடிவிடுவீர்கள். உங்களிடம் ஓர் ஓட்டை இருந்தால் அவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த பிறகு அதிலேயே கைவைத்துக்கொண்டிருப்பார்.

இந்த ஆட்டத்துக்குப் பயிற்சி கேட்டு வருபவர்கள் அதிகம் என்பதில் வியப்பில்லை. இதைக் கற்றுத்தர முடியுமா, முடியும் என்றால் எதை, கற்றுக்கொண்டதை எப்படி அளப்பது? இந்த மூன்றில் கடைசிக் கேள்விதான் என்னை அதிகம் உறுத்துவது.

முதல் கேள்விக்கு இயந்திரங்கள் பதில் சொல்லிவிட்டன. பந்தய அளவு வரையறுக்கப்பட்ட ‘லிமிட்’ வகை இருவர் ஆட்டத்தை, கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பவ்லிங் தலைமையிலான குழு 2015 ஜனவரியில் ஏறத்தாழ முழுமையாகத் தீர்த்தது. 4,800 செயலிகள் 68 நாள் ஓடின. அவர்களுடைய ‘செஃபியஸ்’ நிரலின் ஆட்டத்தில் மிச்சமிருக்கும் குறை, ஒரு மனிதர் ஆயுள் முழுக்க ஆடினாலும் உணர முடியாத அளவுக்குச் சிறியது. பந்தயத்துக்கு மேல்வரம்பு இல்லாத ‘நோ-லிமிட்’ அப்படி எளிதில் அடங்கவில்லை. 2015இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘கிளாடிகோ’வை டக் போல்க், டாங் கிம், பியோர்ன் லீ, ஜேசன் லெஸ் ஆகிய நால்வர் 80,000 கைகளில் முந்தினார்கள். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கின் ரிவர்ஸ் கேசினோவில் அதே பல்கலைக்கழகத்தின் டுவோமஸ் சாண்ட்ஹோம், நோம் பிரவுன் இருவரும் ‘லிப்ராட்டஸ்’ என்ற நிரலோடு திரும்பி வந்தார்கள். டாங் கிம், ஜேசன் லெஸ், ஜிம்மி சவ், டேனியல் மெக்காலே ஆகியோருக்கு எதிராக 20 நாளில் 1,20,000 கைகள். இயந்திரம் 17,66,250 சிப்ஸ் முன்னிலையில் முடித்தது.

அந்த 20 இரவுகளில் நடந்ததுதான் பயிற்சி பற்றி யோசிக்கும் எவருக்கும் பாடம். நால்வரும் ஒவ்வோர் இரவும் கூடி அன்றைய கைகளைப் பிரித்துப் பார்த்து, இயந்திரத்தின் ஓட்டையைத் தேடினார்கள். அதே இரவில் பிட்ஸ்பர்க் மீக்கணினி மையத்தில், அந்த நால்வரும் அன்று எந்தப் பந்தய அளவுகளால் தன்னைத் தடுமாற வைத்தார்களோ அந்த இடங்களை லிப்ராட்டஸ் அடைத்துக்கொண்டிருந்தது. எதிராளியின் குறையைத் தேடுவதைவிடத் தன் குறையை அடைப்பதற்கே அது நேரம் செலவிட்டது. நல்ல பயிற்சியாளர் மாணவரிடம் எதிர்பார்ப்பதும் இந்த வரிசையைத்தான்.

கற்பித்தல் இங்கே வந்து சேர்ந்த பாதை நீளமானது. ஜான் ஃபான் நாய்மன் 1928இலேயே இருவர் ஆட்டங்களுக்கான கணித அடிப்படையை எழுதிவிட்டார். ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னோடு 1944இல் வெளியிட்ட நூலில் போக்கருக்கெனத் தனிப் பகுதியே உண்டு. ஆனால் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு அது எட்டவில்லை. அவர்களுக்குப் புரியும் மொழியில் தர்க்கத்தைக் கொண்டுவந்தது டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் ‘த தியரி ஆஃப் போக்கர்’. புத்தகங்களை அடுத்து இணையத்தில் காணொளிப் பள்ளிகள் வந்தன. தேர்ந்த ஆட்டக்காரர் தன் திரையைப் பதிவுசெய்து, ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தார் என்று பேசிக்கொண்டே ஆடுவார். மாதச் சந்தா கட்டியவர்கள் பார்ப்பார்கள். ஒருவர் தலைக்குள் ஓடும் எண்ணத்தை ஆயிரக்கணக்கானோர் கேட்க முடிந்தது அதுவே முதல் முறை.

2009 டிசம்பரில் நடந்த ஒரு சம்பவம் இந்தப் பள்ளிகளின் பலத்தையும் அவற்றின் எல்லையையும் ஒருசேரக் காட்டியது. ‘இசில்டுர்1’ என்ற புனைபெயரில் முகம் தெரியாத ஒருவர் ஃபுல் டில்ட் தளத்தில் உலகின் மிகப்பெரிய இருவர் மேசைகளில் உட்கார்ந்து, டாம் டுவான், பாட்ரிக் அன்டோனியஸ், ஃபில் ஐவி என்று எல்லாரோடும் மோதிக்கொண்டிருந்தார். அவர் சுவீடனின் விக்டர் பிளோம் என்பது 2011இல்தான் வெளியே தெரிந்தது. ஒரே நாளில் அவரிடமிருந்து பிரையன் ஹேஸ்டிங்ஸ் சுமார் 42 லட்சம் டாலர் வென்றார். பின்னணியில் ஒரு கூட்டுப் படிப்பு இருந்தது. கார்டுரன்னர்ஸ் என்ற பயிற்சிப் பள்ளியோடு தொடர்புடைய பிரையன் டவுன்செண்டும் கோல் சவுத்தும் எதிராளியின் கைகளைத் திரட்டி அலசியிருந்தார்கள். அப்படித் திரட்டியது தளத்தின் விதியை மீறிய செயல் என்பதால் டவுன்செண்டின் சிறப்பு ஆட்டக்காரர் தகுதி 30 நாள் பறிக்கப்பட்டது. ஒருவரைப் பற்றி மூவர் உட்கார்ந்து படித்தால் மேசையில் இருப்பது இன்னும் இருவர்தானா? அன்று எழுந்த இந்தக் கேள்வி இன்றும் ஓயவில்லை. நண்பர்கள் சேர்ந்து படிப்பதில் நான் தவறு காணவில்லை. எதிராளிக்குத் தெரியாமல், தான் ஆடாத கைகளின் பதிவை வாங்கிப் படிப்பது வேறு விஷயம். அதை ஊக்குவிக்கும் பயிற்சியாளர் மாணவருக்குக் குறுக்குவழியைக் கற்றுத்தருகிறார்.

2015 வாக்கில் ‘சால்வர்’ என்னும் மென்பொருள்கள் சாதாரண மேசைக்கணினிக்கே வந்துவிட்டன. பொதுச்சீட்டையும் இருவரின் சாத்தியச் சீட்டுகளையும் கொடுத்தால், எந்தச் சீட்டை எத்தனை விழுக்காடு பந்தயம் கட்ட வேண்டும், எத்தனை விழுக்காடு பந்தயம் கட்டாமல் ‘செக்’ செய்ய வேண்டும் என்று அது சொல்லிவிடும். அதுவரை ஆசான் விற்றுவந்தது விடைகளை; விடை மலிவானதும் அவர் தொழில் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். நேர்மாறாக, கேட்கத் தெரிந்த ஆசானின் மதிப்பு கூடியது. ஒரு நல்ல பாடவேளையை உள்ளே போய்ப் பார்த்தால் இது விளங்கும்.

மாணவர் வழக்கமாக ஒரு கையைக் கொண்டுவருவார். பெரிய தோல்வியாகத்தான் இருக்கும். ரிவரில், நடுவே சேர்ந்த பந்தயத் தொகையான ‘பாட்’டில் 100 சிப்ஸ்; எதிராளி இன்னும் 100 கட்டினார்; நடுத்தரமான ஒரு ஜோடியோடு மாணவரும் அதே தொகையை வைத்து ‘கால்’ செய்தார்; தோற்றார். “அவனிடம் பெரிய கை இருந்தது என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும் சார், இருந்தும் கொடுத்துவிட்டேன்” என்பார். அந்த ‘உள்ளுக்குள் தெரியும்’ என்பதைத் தாளில் எழுத வைப்பதே ஆசானின் முதல் வேலை. 100 கொடுத்து 200 வெல்லப் பார்க்கிறார். ஆகவே மூன்றில் ஒரு முறை ஜெயித்தால் கணக்குச் சரியாகிவிடும். எதிராளியிடம் இந்த இடத்தில் இருக்கக்கூடிய வலுவான சீட்டுச் சேர்க்கைகள் 30 என்றால், வெற்றுக் கைகள் 15 இருந்தாலே கால் நட்டமில்லை. அந்தப் பதினைந்தும் எங்கிருந்து வரும்?

நடுவில் ஸ்பேடு இரண்டு கிடந்து, மூன்றாவது விழவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஸ்பேடு சேரும் ‘ஃபிளஷு’க்கு ஏங்கிக் கிடைக்காமல் போனவர்தான் இங்கே வெற்றுக் கையோடு பந்தயம் கட்டி ‘பிளஃப்’ செய்ய வாய்ப்புள்ளவர். மீதி 11 ஸ்பேடுகளில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 55 சேர்க்கைகள். எதிராளி அத்தனையையும் இவ்வளவு தூரம் ஆடியிருக்க மாட்டார். சிலவற்றில் ஜோடி விழுந்திருக்கும். ஆனாலும் தொடங்கும் எண் 55. இப்போது ஆசான் கேட்பார்: “உன் கையில் ஸ்பேடு இருந்ததா?” ஒன்று இருந்தால் அந்த 55 உடனே 45 ஆகிவிடும், இரண்டு இருந்தால் 36. அதாவது மாணவரின் கையில் ஸ்பேடு இருந்தால் எதிராளி பிளஃப் செய்திருக்கும் வாய்ப்பு குறைகிறது. அதே ஜோடியை ஸ்பேடு இல்லாமல் பிடித்திருந்தால் கால் செய்வது மேல். மாணவருக்கு அந்த நொடியில் ஒன்று புரியும்: அவர் தோற்றதற்கும் அவர் முடிவு சரியா தவறா என்பதற்கும் தொடர்பே இல்லை. இதைப் பத்துப் பக்கம் எழுதிப் புரியவைக்க முடியாது. மாணவரே ஒரு முறை எண்ணிப் பார்த்தால் போதும்.

அடுத்து ஆசான் கேட்பது இன்னும் முக்கியம்: “தோற்ற கை இருக்கட்டும். நேற்று ஆடிய அத்தனை கைகளையும் கொண்டு வா.” தானாகத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவரும் கைகளில் மாணவரின் காயம் தெரியும், ஓட்டை தெரியாது. ஓட்டை பெரும்பாலும் ஐந்தாறு பிளைண்டு மட்டும் கிடக்கும் சின்ன பாட்டுகளில் ஒளிந்திருக்கும். எதிராளி பாட்டின் பாதி அளவுக்குப் பந்தயம் கட்டும்போது, மூன்றில் ஒரு முறைக்கு மேல் மடக்குகிறவரிடம் எந்த இரண்டு சீட்டோடும் பிளஃப் செய்து அந்த இடத்திலேயே லாபம் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் இழப்பு சின்னதாக இருப்பதால் மாணவருக்கு வலிக்காது. மாதக் கடைசியில் பார்த்தால் வறண்ட குளம்.

சால்வர் சொல்வதை அப்படியே மனப்பாடம் செய்வது இன்னொரு பொறி. ஒரு சீட்டை 70 விழுக்காடு பந்தயம் கட்டு, 30 விழுக்காடு செக் செய் என்று மென்பொருள் சொல்லும். மனித மூளையால் அப்படிக் கலந்து ஆட முடியாது. கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் உண்டு, நல்ல பழக்கம்தான். ஆனால் மென்பொருள் தரும் விடை, தன்னைப் போலவே பிழையின்றி ஆடும் ஒருவருக்கு எதிரானது. எதிரே இருப்பவர் ரிவரில் ஒருபோதும் பிளஃப் செய்யாதவர் என்றால், அங்கே கால் செய்துகொண்டே இருக்கும் ‘சரியான’ ஆட்டம் வெறும் தானம். மென்பொருள் காட்டும் இந்தச் சமநிலை ஆட்டத்தை ஒரு நூல்குண்டாகப் பிடித்துக்கொண்டு, எதிராளி அதிலிருந்து எங்கே, எவ்வளவு விலகுகிறார் என்று அளந்து, தானும் அதற்கேற்ப விலகுவது இருவர் ஆட்டத்தின் உயிர். அந்த விலகலின் அளவை மென்பொருள் தானாகச் சொல்லாது. யாராவது சரியான கேள்வியை அதனிடம் கேட்க வேண்டும்.

மனத்தைப் பற்றிய பாடம் கணக்குப் பாடத்துக்குக் குறைந்ததில்லை. தோல்வியால் நிதானம் இழப்பதைப் போக்கரில் ‘டில்ட்’ என்பார்கள். ஜாரெட் டென்ட்லர் 2011இல் வெளியிட்ட ‘த மென்டல் கேம் ஆஃப் போக்கர்’ நூலில் அதை வகை பிரித்தார்: அநியாயம் நடந்துவிட்டது என்ற கொதிப்பு, தன் பிழைமேல் வரும் கோபம், பழிவாங்கத் துடிப்பது, விட்டதைப் பிடிக்கும் தவிப்பு என்று போகிறது அந்தப் பட்டியல். இருவர் மேசையில் பழிவாங்கும் வெறிக்கு ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. உங்கள் பணம் முழுக்க ஒரே ஆளிடம் போகிறது. அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கும் விதியை ஆட்டத்துக்கு முன்பே எழுதிவைக்கச் சொல்லாத பயிற்சியாளரை நான் பயிற்சியாளராகவே கருத மாட்டேன்.

இந்தத் துறையில் மிக அழகான ஆசான்–மாணவர் கதை எரிக் சைடலுடையது. 1988 உலகப் போக்கர் தொடரின் இறுதியில் ஜானி சானுக்கு எதிராக இருவர் ஆட்டத்தில் விழுந்தவர் அவர். அந்தத் தோல்வியை 1998இல் வந்த ‘ரவுண்டர்ஸ்’ படத்தின் வழியாக உலகமே திரும்பத் திரும்பப் பார்த்தது. 2010இல் அமெரிக்காவின் தேசிய ஹெட்ஸ்-அப் போட்டியின் இறுதியில் ஆனி டியூக்கிடம் தோற்று, அடுத்த ஆண்டு அதே போட்டியை வென்றார். சீட்டாட்டமே தெரியாத உளவியலாளர் மரியா கொன்னிகோவா பின்னாளில் அவரிடம் மாணவியாகப் போனார். 2018இல் பஹாமாஸில் ஒரு பெரிய போட்டியை வென்றார். அவருடைய ‘த பிக்கஸ்ட் பிளஃப்’ நூலைப் படிக்கும்போது என்னைத் தொட்டது, சைடல் விடை சொல்வதை எவ்வளவு தவிர்த்தார் என்பது. தவறான சீட்டுக்காக மாணவியைக் கடிந்துகொள்வதைவிட, எப்படி யோசித்து அங்கே வந்து சேர்ந்தாய் என்று கேட்பதே அவர் வழி.

இனி அந்த உறுத்தலுக்கு வருகிறேன். பயிற்சி பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய பிளைண்டை அலகாக வைத்தால், இருவர் நோ-லிமிட் ஆட்டத்தில் 100 கைகளுக்கான ஏற்ற இறக்கம் 100 பிளைண்டுக்குக் குறையாது. நூறு கைக்கு 5 பிளைண்டு லாபம் எடுப்பவர் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரர். அவர் 10,000 கைகள் ஆடினால் எதிர்பார்ப்பு 500 பிளைண்டு லாபம். தற்செயலின் வீச்சோ மேலும் கீழும் 1,000. கணக்குப் போட்டால், அப்படிப்பட்ட நல்லவர்கள் பத்துப் பேரில் மூவர் 10,000 கைகளின் முடிவில் நட்டத்தில்தான் நிற்பார்கள். லட்சம் கைகள் ஆடினாலும் நூற்றில் ஐந்தாறு பேர் நட்டத்தில். பயிற்சியால் நூறு கைக்கு 2 பிளைண்டு கூடியது என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல ஏறத்தாழ பத்து லட்சம் கைகள் தேவை. அதற்குள் மாணவர் மாறியிருப்பார், எதிராளிகளும் மாறியிருப்பார்கள்.

உள்ளுணர்வை எங்கே நம்பலாம் என்று டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதியபோது இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள்: சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், செய்ததன் விளைவு விரைவாகவும் தெளிவாகவும் திரும்பி வர வேண்டும். போக்கரில் ஒழுங்கு உண்டு. விளைவும் உடனே வருகிறது. பாதி நேரம் பொய் சொல்லிக்கொண்டு வருகிறது. இந்த இடைவெளியில்தான் ஆசானுக்கு இடம் இருக்கிறது. போலி ஆசானுக்கும் அதே இடம்தான். “மூன்று மாதத்தில் உங்கள் வருமானம் இரட்டிப்பு” என்று விளம்பரம் செய்பவர் எதை அளந்து சொல்கிறார்? லாபத்தில் பங்கு கேட்டு ஒப்பந்தம் போடும் முறையும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்போலத் தெரியும். பத்து மாணவர்களைப் பிடித்தால், தற்செயல் மட்டுமே சிலரை லாபத்தில் நிறுத்திவிடும். அவர்களிடம் பங்கு, மற்றவர்களுக்கு மௌனம். நேர்மையான அளவுகோல் ஒன்று இருக்கிறது, சலிப்பானது: வரவு செலவை விட்டுவிட்டு, முடிவுகளை எண்ணுவது. சென்ற மாதம் சின்ன பாட்டுகளில் எத்தனை விழுக்காடு மடக்கினார், இந்த மாதம் எத்தனை? எழுந்திருக்கும் விதியை எத்தனை முறை மீறினார்?

டக் போல்க்–டேனியல் நெக்ரானு மோதல் இதற்கு உதாரணம். 2020 நவம்பரில் தொடங்கி 2021 பிப்ரவரியில் முடிந்த 25,000 கைகள். போல்க் சுமார் 12 லட்சம் டாலர் முன்னிலையில் முடித்தார். நெக்ரானு பல பத்தாண்டு அனுபவமுள்ளவர். இந்த ஆட்டத்துக்கென்றே பயிற்சியாளர்களை வைத்துப் படித்தார். தோற்றதால் அந்தப் பயிற்சி வீண் என்று சொல்பவர் தொகையை மட்டும் பார்க்கிறார். இருவர் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவரோடு, பயிற்சி இல்லாமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதோடுதான் அதை ஒப்பிட வேண்டும். அந்த ஆட்டம் எங்கும் ஆடப்படவில்லை.

பயிற்சிக்கும் ஏமாற்றுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. அது ஆட்டம் தொடங்கும் நொடியில் விழுகிறது. முன்பும் பின்பும் எவ்வளவு படித்தாலும் அது படிப்பு. ஆடும்போது பக்கத்துத் திரையில் சால்வரைத் திறந்து வைப்பதும், ஆசான் காதுக்குள் சொல்லிக்கொடுப்பதும், மாணவரின் கணக்கில் அவரே உட்கார்ந்து ஆடுவதும் திருட்டு. தளங்கள் இவற்றைத் தடைசெய்திருக்கின்றன. எதிரே இருக்கும் ஒரே மனிதர், தன்னைப்போல் இன்னொரு மனிதரோடு ஆடுவதாக நம்பித்தான் பணம் வைக்கிறார்.

நம் ஊரில் இதை எழுதும்போது சட்டத்தைத் தாண்டிப் போக முடியாது, போகவும் கூடாது. இணையச் சூதாட்டத்தால் குடும்பங்கள் சிதைந்து, உயிர்கள் போன பின்னணியில்தான் தமிழ்நாடு 2022இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்கள் என்று கூறி அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறனா தற்செயலா என்ற வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. இந்தியத் தளங்கள் பண மேசைகளை மூடின. போக்கரில் திறன் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. மேலே எழுதியது முழுக்க அதற்கான சான்று. ஆனால் திறனுள்ளவர்களே பத்தில் மூன்று பேர் 10,000 கைகளுக்குப் பிறகும் நட்டத்தில் நிற்கும் ஓர் ஆட்டத்தில், திறன் இல்லாதவர் கடன் வாங்கி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே கணக்குத்தான் சொல்கிறது. கடனை அடைக்கப் பயிற்சி கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்புவதும் ஆசானின் கடமை.

பணமில்லாமலே கற்க விரும்புகிறவருக்கு ஒரு நல்ல வழி 1950இலிருந்தே இருக்கிறது. கணிதவியலாளர் ஹரால்ட் கூன் மூன்றே சீட்டில் ஓர் இருவர் போக்கரை அமைத்தார்: ஜாக், குவீன், கிங். புளியங்கொட்டை போதும். ஆளுக்கு ஒரு கொட்டை நடுவில், ஆளுக்கு ஒரு சீட்டு. விருப்பமிருந்தால் இன்னும் ஒரு கொட்டை பந்தயம், அவ்வளவே. முதலாமவர் செக் செய்ததும், ஜாக் வைத்திருக்கும் இரண்டாமவர் மூன்றில் ஒரு முறை பிளஃப் செய்ய வேண்டும். குவீனோடு பந்தயத்தை எதிர்கொண்டால் மூன்றில் ஒரு முறை கால். இதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் எதிராளி அதைப் பயன்படுத்திக்கொள்ள வழி உண்டு. ஒரு மாலை நேரத்தில் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தால் பிளஃப் என்பது துணிச்சல் விஷயமா, கணக்கு விஷயமா என்று கை சொல்லிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: இருவரும் பிழையின்றி ஆடினாலும் முதலில் பேசுபவர் சராசரியாக 18 ஆட்டத்துக்கு ஒரு கொட்டை இழப்பார். அதனால் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் இடம் மாறி உட்காருங்கள்.